வீழ்ந்தவர் யார்?

“அதெல்லாம் பொய்ச் சண்டை.” தொழில்முறை மல்யுத்தம் பற்றிப் பேச்செடுத்தவுடன் படித்தவர் வாயிலிருந்து புறப்படும் முதல் வாக்கியம் இது. பெரும்பாலும் கடைசி வாக்கியமும் இதுவே. இவ்வாறு தீர்ப்புக் கூறிவிட்டபின் மேற்கொண்டு சிந்திக்க வேண்டிய கடமை தமக்கில்லை என அவர்கள் எண்ணுகின்றனர். இவர்களுக்கு எதிர்ப்புறத்தில் மற்றொரு சாரார் உளர். பழைய ஒளிநாடாக்களைப் பக்தியோடு திரும்பத் திரும்பப் பார்த்து, “அதுவன்றோ பொற்காலம்! அன்றிருந்தவரன்றோ வீரர்!” என்று பெருமூச்செறிபவர்கள் இவர்கள். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஏளனஞ் செய்வர். ஆயினும் ஒரு விடயத்தில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். மேடையிலே உழைத்த மனிதனை இருவருமே காணவில்லை. முன்னவருக்கு அவன் ஏமாற்றுக்காரன். பின்னவருக்கு அவன் தெய்வம். தொழிலாளியாக அவன் எவர் கண்ணிலும் படவில்லை.

இக்கட்டுரை அந்தத் தொழிலாளியைப் பற்றியது. அவனைக் காண்பதற்கு, பொற்காலத்தின் சிகரம் என அடியார்கள் போற்றும் ஒரே ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். 1987 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் நாள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பொன்ரியாக் நகரில், சில்வர்டோம் என்னும் பெரும் விளையாட்டரங்கில் நடைபெற்ற மூன்றாவது ‘றெஸில்மேனியா’ காட்சியே அது. அன்று அரங்கினுள் 93,173 பேர் கூடியிருந்தனர் என அதனை நடத்திய நிறுவனம் அறிவித்தது. இத்தொகை மிகைப்படுத்தப்பட்டது என்றும், உண்மையான எண்ணிக்கை ஏறக்குறைய 78,000 ஆகும் என்றும் மல்யுத்த ஆய்வாளர் டேவ் மெல்ற்சர் பின்னர் எழுதினார். எத்தொகை சரியாயினும், ஒரு சிறு நகரின் சனத்தொகைக்கு ஒப்பான மக்கள் ஒரே கூரையின் கீழ் அன்று திரண்டிருந்தனர் என்பதில் ஐயமில்லை. அரீத்தா பிராங்ளின் தேசபக்திப் பாடல் பாட, பன்னிரண்டு போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அரங்கேறின. இறுதிப் போட்டியில் ஹல்க் ஹோகன் என்னும் மஞ்சள்முடி வீரன், அன்ட்ரே என்னும் இராட்சத மல்லனைத் தூக்கி நிலத்தில் அறைந்தான். அந்த ஒரு கணத்தையே இன்றுவரை ஒரு யுகத்தின் கணமாகக் கொண்டாடுகின்றனர்.

முதலில், ‘பொய்’ என்னும் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் அது எவ்வாறு குற்றமாகும்? நமது கூத்துக் களரியிலே துரியோதனன் வீழ்வான் என்பது, விடியும்வரை கண்விழித்திருக்கும் கிழவிக்கும் அவள் மடியிலே உறங்கும் பேரனுக்கும் தெரியும். முடிவு தெரிந்துவிட்டதே என்று எவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போவதில்லை. பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1957 இல் வெளியிட்ட ‘மிதொலொஜி’ என்ற நூலின் முதற் கட்டுரையே மல்யுத்தம் பற்றியதுதான். மல்யுத்தம் விளையாட்டன்று, அது ஒரு காட்சி என்பது அவர் வாதம். துன்பம், தோல்வி, நீதி ஆகியவற்றின் வெளிப்படையான தோற்றத்தையே மக்கள் அங்கே நாடுகின்றனர், வெற்றி யாருக்கு என்பதையன்று என அவர் எடுத்துக்காட்டினார். அது நுட்பமான பார்வை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பார்த் மேடையிலே குறிகளைக் கண்டாரேயன்றிக் கூலியைக் காணவில்லை. வேதனையைக் காட்டும் முகம் ஒரு குறியாக இருக்கலாம். ஆனால் மரப்பலகைமீது விரித்த மெத்தையில் இரவுதோறும் முதுகு மோத விழுபவனின் முள்ளந்தண்டு ஒரு குறியன்று. அது எலும்பு.

ஆகவே பொய் எங்கே இருக்கிறது என்று நாம் தேடுவோமாயின், அது போட்டியின் முடிவில் இல்லை, வேறிடத்தில் இருக்கின்றது.

அன்ட்ரே என மேடையில் அறியப்பட்டவர் அன்ட்ரே ரூசிமோவ். 1946 இல் பிரான்சிலே ஒரு கிராமியக் குடும்பத்திற் பிறந்தவர். உடலின் வளர்ச்சிச் சுரப்பு கட்டுக்கடங்காது பெருகும் அக்ரோமெகலி என்னும் நோய் அவரை இராட்சதனாக்கியது. ஏழடி நாலங்குல உயரம் எனவும், ஐந்நூற்றிருபது இறாத்தல் நிறை எனவும் அந்நோயை அளந்து விளம்பரஞ் செய்தனர். பொன்ரியாக் மேடைக்கு அவர் வரும்போது அவருக்கு நாற்பது வயது. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டிருந்தது. உடைக்குள்ளே முதுகைத் தாங்கும் பட்டி கட்டியிருந்தார். நடையே வேதனையாக இருந்த ஒருவரை, பதினைந்து ஆண்டுகளாக எவராலும் வெல்லப்படாதவர் என்றும், எவராலும் தூக்கி அறையப்படாதவர் என்றும் பறைசாற்றினர். இரண்டுமே பொய். 1980 ஆகஸ்ட்டில் நியூ யோர்க்கின் ஷே மைதானத்திலே இதே ஹோகன் இதே அன்ட்ரேயைத் தூக்கி அறைந்திருந்தார். ஆனால் இப்பொய்களினும் பெரியதொரு பொய் உண்டு. அன்ட்ரேயைப் பார்த்து வியந்த மக்கள், ஒரு நோயாளி வேலைக்கு வந்திருக்கிறான் என்பதை அறியவில்லை, அறியவும் விடப்படவில்லை. அதன்பின் ஆறாண்டுகளும் நிறையவில்லை. தந்தையின் ஈமச் சடங்குக்காகத் தாயகம் சென்ற அவர் 1993 ஜனவரியில் பாரிஸ் நகரில் ஒரு விடுதி அறையிலே இறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

தன்னைத் தூக்க முனையும் ஒருவனுக்கு அத்தகைய உடல் ஒத்துழையாவிட்டால், உலகில் எந்த வீரனாலும் அதனைத் தூக்கியிருக்க முடியாது. தூக்கப்பட்டவர் தூக்கியவருக்குத் தம் உடலை நம்பிக் கொடுத்தார். தேய்ந்துபோன முதிய தொழிலாளி, இளையவனின் கையில் தன் இடத்தை ஒப்படைத்த நிகழ்ச்சி அது. தொழிலாளருக்கிடையிலான அந்த ஒத்துழைப்பையே, ஒருவனை ஒருவன் வீழ்த்தும் தனிமனித வீரமாக நிறுவனம் விற்றது. இதைவிடக் கச்சிதமாக முதலாளித்துவக் கலையின் இயல்பைக் காட்டும் உவமை வேறு வேண்டுமோ?

இனி, அன்றிரவின் ஏனைய போட்டிகளில் விற்கப்பட்டவை யாவை எனக் காண்போம். நிக்கொலாய் வொல்கொவ் என்பவர் மேடையேறி, சோவியத் நாட்டின் தேசிய கீதத்தைப் பாடத் தொடங்கினார். கூட்டம் ஊளையிட்டது. ஜிம் டக்கன் என்னும் அமெரிக்க வீரர், கையிலே மரத்தடியுடன் ஓடிவந்து பாட்டை நிறுத்தினார். கூட்டம் ஆரவாரித்தது. அந்த ‘ருஷ்யர்’ யார்? யூகோஸ்லாவியாவிலே, குரோஷிய மண்ணிற் பிறந்து, தாய்நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவிலே குடியேறிய யோசிப் பெருசோவிச் என்பவரே அவர். அவருடன் சோடி சேர்ந்து நின்ற ‘அயன் ஷேக்’ ஈரானியரான ஹுசைன் வசீரி. அமெரிக்க ஒலிம்பிக் மல்யுத்த அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் பணியாற்றிய உண்மையான மல்யுத்த விற்பன்னர் அவர். அமெரிக்காவுக்குத் தம் அறிவைக் கொடுத்த ஒருவரை, அமெரிக்காவின்மீது காறியுமிழும் பாத்திரமாக்கித்தான் அவருக்குச் சோறு போட்டார்கள். புலம்பெயர்ந்தவனின் உச்சரிப்பையும் மீசையையும் மூலதனமாக்கி, புலம்பெயர்ந்தோர்மீதே வெறுப்பை விளைவிக்கும் இத்தொழிலுக்குத் தேசபக்தி என்று பெயர்!

இந்நாடகத்தின் பிற்பகுதி மேடைக்கு வெளியே நடந்தது. அதே ஆண்டு மே மாதம் நியூ ஜேர்சியிலே பொலிசார் ஒரு காரை மறித்தனர். காருக்குள்ளே ஜென்ம விரோதிகளான டக்கனும் ஷேக்கும் ஒன்றாகப் பயணஞ் செய்துகொண்டிருந்தனர். போதைப்பொருட் குற்றச்சாட்டு எழ, இருவரையும் நிறுவனம் வெளியேற்றியது. டக்கன் சில காலத்தின் பின் திரும்ப அழைக்கப்பட்டார். இச்செய்தியை இன்றும் இரசிகர்கள் நகைச்சுவையாகப் பேசுவர். எமக்கோ இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்த ஊருக்குச் செல்லும் நெடுந்தெருவில், பெற்றோற் செலவைத் தம் பையிலிருந்தே கொடுக்கவேண்டிய இரு தொழிலாளர் ஒரே காரில் ஏறுவதில் வியப்பென்ன? அமெரிக்கரும் ஈரானியரும் பகைவர் என்பது முதலாளியின் கதை. இருவரும் ஒரே காரின் பயணிகள் என்பதே வாழ்க்கை.

நிறவெறியின் கதை இன்னும் கொடியது. ‘ஜங்க்யார்ட் டோக்’ என்று பெயரிடப்பட்ட சில்வெஸ்டர் ரிற்றர் ஒரு கறுப்பின மல்லர். பழையிரும்புக் கொட்டிலைக் காக்கும் நாய் என்பதே அப்பெயரின் பொருள். கழுத்திலே நாய்ப் பட்டியும் இரும்புச் சங்கிலியும் பூண்டு அவர் மேடைக்கு வருவார். அடிமைச் சங்கிலியின் நினைவு மாறாத ஒரு நாட்டிலே இது! பொன்ரியாக்கில் அவர், கிரீடமும் அங்கியும் தரித்து ‘அரசன்’ என வேடமிட்ட ஹார்லி ரேஸ் என்ற வெள்ளையருடன் மோதினார். தோற்றவர் வென்றவருக்குத் தலைவணங்க வேண்டும் என்பது நிபந்தனை. ‘நாய்’ தோற்றது, ‘அரசன்’ முன் குனிந்தது. பின்னர் ரிற்றர் நிமிர்ந்து, நாற்காலியால் அரசனை அடித்துவிட்டு, அரச அங்கியைத் தாமே அணிந்துகொண்டு வெளியேறினார். மக்கள் பெருங்குரலெழுப்பி மகிழ்ந்தனர்.

இங்கே ஒரு கணம் நிற்பது நன்று. சாதாரண மக்கள் மூடர் என்றும், எதைக் காட்டினாலும் கைதட்டுவர் என்றும் எண்ணும் கனவான்கள் இக்காட்சியைக் கவனிக்கவேண்டும். குனிய வைக்கப்பட்டவன் நிமிர்ந்தபோதுதான் மக்கள் மகிழ்ந்தனர். அவர்களுடைய நெஞ்சிலே நீதியின் பசி இருந்தது. அப்பசி இல்லையேல் இந்தக் காட்சியே இல்லை. நிறுவனத்தின் திறமை, அப்பசியைத் தூண்டி நுழைவுச்சீட்டாக மாற்றியமையே. நாற்காலியடியோடு நீதி நிறைவேறிவிட்டது என வீட்டுக்குப் போகும் மனிதன், மறுநாட் காலையிலே தன் மேற்பார்வையாளன் முன் மீண்டும் குனிகிறான். மேடையிலே பழிதீர்த்துக்கொண்டதால், வாழ்க்கையிலே பழி தீராமற் போய்விடுகிறது.

பொன்ரியாக் என்ற பெயரின் வரலாற்றையும் மறத்தல் தகாது. 1763 இல் பிரித்தானியப் படைகளை எதிர்த்துப் பல பூர்வகுடி மக்களை ஒன்றுதிரட்டிப் போர் தொடுத்த ஒடாவா இனத் தலைவனின் பெயர் அது. அத்தலைவனின் பெயரைத் தாங்கிய நகரிலே, அன்றிரவு குள்ள மல்லர் சிலரைக் கோமாளிகளாக மேடையேற்றினர். அவர்களில் ஒருவருக்கு ‘லிற்றில் பீவர்’ எனச் செவ்விந்தியப் பெயரும் செவ்விந்தியத் தலைமுடியும் சூட்டப்பட்டிருந்தன. உண்மையில் அவர் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக் கனேடியரான லியோனல் ஜிரூ. ஐம்பது வயதைக் கடந்த அவரை, நானூறு இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையுடைய கிங் கொங் பண்டி தூக்கி அறைந்து, அவர்மீது முழங்கையோடு விழுந்தார். மக்கள் சிரிக்க வந்த காட்சியில் அவர்களே திடுக்கிட்ட கட்டம் இது. பூர்வகுடியின் பெயரைத் திருடி, ஊனத்தைக் காட்சிப்பொருளாக்கி, முதியவரின் உடலைப் பந்தாக்கிய இந்த ஒரு நிகழ்ச்சி போதும், ‘பொற்காலம்’ என்னும் சொல்லை நாணச் செய்வதற்கு.

எல்லாமே இழிந்தவை என நாம் கூறவில்லை. அன்றிரவு ராண்டி சவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் நிகழ்த்திய போட்டி ஏறக்குறைய பதினைந்து நிமிடங்களே நீடித்தது. ஆயினும் உடலசைவின் கலை எத்துணை உயரத்தை எட்டலாம் என்பதற்கு அது சான்று. அதன் ஒவ்வோர் அசைவையும் இருவரும் முன்கூட்டியே எழுதி வைத்து, மனனஞ் செய்து, ஒருவரையொருவர் பரீட்சித்து ஒத்திகை பார்த்தனர். ஒருவர் காலம் தவறினால் மற்றவர் கழுத்து முறியும். அத்தகைய கட்டுப்பாட்டில் விளைந்த அந்தப் போட்டியை, முதற்றரமான நாட்டியத்தோடு வைத்து எண்ணுவதில் தவறில்லை. ஆனால் இந்தக் கலை யாருடையது? அதனை உருவாக்கிய இருவருடையது. அதன் ஒளிப்பதிவு யாருடையது? நிறுவனத்தினுடையது. பொற்காலத்தை வியப்போர் இந்த இரண்டாவது வினாவை எழுப்புவதேயில்லை.

நாம் அதனை எழுப்புவோம். இந்த மல்லர்கள் சட்டத்தின் கண்ணிலே ஊழியர் அல்லர், ‘சுயேச்சையான ஒப்பந்தகாரர்’. எங்கே, எந்த நாளில், யாருடன் மோதவேண்டும், யாரிடம் தோற்கவேண்டும், என்ன உடை உடுக்கவேண்டும், என்ன பெயரால் அழைக்கப்படவேண்டும் என்பதையெல்லாம் நிறுவனமே தீர்மானித்தது. ஆயினும் அவர்கள் சுயேச்சையானவர்களாம்! அச்சுயேச்சை வேறெங்கும் இல்லை, செலவுகளில் மட்டுமே இருந்தது. பிரயாணச் செலவு, விடுதிச் செலவு, மருத்துவக் காப்புறுதி ஆகியன அவர்கள் தலையில். ஊழியருக்காக முதலாளி செலுத்தவேண்டிய சமூகப் பாதுகாப்பு வரியினின்று நிறுவனத்துக்கு விடுதலை. இதனினும் முக்கியமானது வேறொன்றுண்டு. தொழிற்சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை ஊழியருக்கு வழங்கும் அமெரிக்கச் சட்டம் 1935 இல் நிறைவேறியது. சுயேச்சையான ஒப்பந்தகாரருக்கு அச்சட்டம் பாதுகாப்பளிப்பதில்லை. ஒரு சொல்லை மாற்றி எழுதியதன்மூலம் ஒரு வர்க்கத்தின் வாயையே கட்டிவிட்டனர்.

எவரும் எதிர்க்கவில்லையா? எதிர்த்தனர். 1986 இல், இரண்டாவது றெஸில்மேனியாவுக்கு முன்பாக, ஜெஸி வெஞ்சுரா என்பவர் உடைமாற்றும் அறையிலே சக மல்லர்களிடம் தொழிற்சங்கம் அமைப்பது பற்றிப் பேசினார். பெருங்காட்சி நெருங்கியிருக்கும் வேளையே முதலாளியின் பலவீனமான வேளை என்பதை அவர் அறிந்திருந்தார். விரைவில் அச்செய்தி நிறுவன அதிபர் வின்ஸ் மக்மகனின் செவிக்கு எட்டியது. சங்கம் கருவிலேயே கலைந்தது. காட்டிக்கொடுத்தவர் யார்? பின்னாளில் வெஞ்சுரா தொடுத்த வழக்கின் சாட்சி விசாரணையிலேதான் அது வெளிப்பட்டது என அவர் பலமுறை பகிரங்கமாகக் கூறியுள்ளார். அவர் குறிப்பிட்ட பெயர் ஹல்க் ஹோகன்.

வாசகர் இதனை மீண்டும் ஒருமுறை எண்ணிப்பார்க்கவேண்டும். பொன்ரியாக்கிலே ஐந்நூறு இறாத்தல் மனிதனைத் தூக்கி அறைந்தமைக்காகவே ஹோகனை உலகம் நினைவுகூர்கின்றது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே, கமராக்கள் இல்லாத ஓர் அறையின் செய்தியை முதலாளியிடம் சேர்த்ததன்மூலம், வெஞ்சுராவின் கூற்றுப்படி, அவர் ஒரு தொழிலையே தூக்கி அறைந்திருந்தார். அந்த அடியிலிருந்து அத்தொழில் இன்னும் எழவில்லை. 2025 ஜூலையில் ஹோகன் மறைந்தபோது வெளிவந்த புகழுரைகளில் முதலாவது அடியே மேலோங்கி ஒலித்தது.

வெஞ்சுராவோ பொன்ரியாக்கில் வர்ணனையாளராக அமர்ந்திருந்தார். ஒளிநாடா விற்பனையில் தமக்குரிய பங்கு மறுக்கப்பட்டதென்று பின்னர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1994 இல் அவருக்கு 8 இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. 1995 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 1998 இல் மினசோட்டா மாநிலத்தின் ஆளுநராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு மாநிலத்தின் ஆட்சியைப் பிடிக்க முடிந்த மனிதரால், ஒரு மல்லர் சங்கத்தை அமைக்க முடியவில்லை! எதிரியின் பலத்தை அளக்க இதனினும் தெளிவான அளவுகோல் இல்லை.

முதலாளியின் பலம் எத்தகையது என்பதை 1989 தெளிவாகக் காட்டியது. அதுவரை, மல்யுத்தம் உண்மையான போட்டியன்று என்பது அத்தொழிலின் காக்கப்பட்ட இரகசியம். அதனைக் காப்பதற்காகவே மல்லர்கள் பொது இடங்களிலும் தம் வேடத்தைக் களையாது வாழ்ந்தனர். ஆனால் அவ்வாண்டு நியூ ஜேர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் அந்நிறுவனமே தோன்றி, இது போட்டியன்று, வெறும் கேளிக்கையே என வாக்குமூலம் கொடுத்தது. காரணம் யாது? போட்டி எனின், மாநில விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பும், வரியும் வந்து சேரும். கேளிக்கை எனின் இவை இல்லை. மல்லன் இரகசியத்தைக் காத்தது மானத்துக்காக. முதலாளி இரகசியத்தை விற்றது வரிவிலக்குக்காக. “அது பொய்ச் சண்டை” என்று இன்று ஏளனஞ் செய்யும் படித்தவர், தம்மையறியாமலே அந்நிறுவனத்தின் சட்டத்தரணியாகிவிடுகின்றார். ‘பொய்’ என்ற சொல்லே அதற்குப் பாதுகாப்புக் கவசம். பொய்ச் சண்டையில் மெய்க்காயம் ஏது என்றுதானே உலகம் கேட்கும்?

மெய்க்காயத்தின் கணக்கை அந்த ஓரிரவின் மேடையிலிருந்தே எடுப்போம். ஏட்ரியன் அடோனிஸ் அடுத்த ஆண்டே, 1988 இல், கனடாவிலே மல்யுத்தச் சுற்றுப்பயணத்தின்போது வீதி விபத்தில் இறந்தார்; வயது 33. அன்ட்ரே 1993 இல், 46. ஜங்க்யார்ட் டோக் 1998 இல், 45. டேவி போய் சிமித் 2002 இல், 39. சவேஜுடன் மேடைக்கு வந்த எலிசபெத் 2003 இல், 42. ஹேர்க்குலிஸ் 2004 இல், 47. சவேஜ் 2011 இல், 58. ரொடி பைப்பர் 2015 இல், 61. சிமித்தின் சோடியான டைனமைற் கிட் தம் இறுதி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியிலே கழித்து, 2018 இல் 60 வயதில் மறைந்தார். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. சில வீதி விபத்துகள், சில இதய நோய், சில போதைப்பொருள். எல்லா மரணங்களையும் ஒரே வாசலில் இறக்கிவைப்பது நேர்மையாகாது. ஆனால் வேறெந்தத் தொழிலிலாவது, ஒரே நாள் வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் இவ்வாறு மெலிந்திருப்பின், அங்கே விசாரணைக் குழு அமைந்திருக்கும். சங்கம் வேலைநிறுத்தஞ் செய்திருக்கும். பாராளுமன்றத்தில் வினா எழுந்திருக்கும். இங்கே எழுந்தவை இரசிகர்களின் அஞ்சலிகள் மாத்திரமே.

நிறுவனம் எதுவுமே செய்யவில்லை எனக் கூறுதலும் தவறு. 2006 இல் மருத்துவப் பரிசோதனைத் திட்டமொன்றை அது கொண்டுவந்தது. 2010 இல் நாற்காலியால் தலையில் அடிப்பதைத் தடைசெய்தது. ஆனால் இவையெல்லாம் எப்போது வந்தன? பிணங்கள் வீழ்ந்த பின்பு. எவ்வாறு வந்தன? உரிமையாக அன்று, தருமமாக. 1999 மே மாதம் கன்சாஸ் நகரில் ஓவன் ஹார்ட் என்னும் மல்லர், அரங்கின் கூரையிலிருந்து இறக்கப்படும்போது தவறி விழுந்து மாண்டார். அந்நிலையிலும் மேடையைத் துப்புரவாக்கிக் காட்சியைத் தொடர்ந்தார்கள். சங்கம் இருந்திருப்பின் அந்த இரவு தொடர்ந்திருக்குமா? அவர் கூரையிலிருந்து இறங்கத்தான் நேர்ந்திருக்குமா? மூளைக் காயங்களுக்கு நட்டஈடு கோரி 2016 இல் ஐம்பதுக்கு மேற்பட்ட முன்னாள் மல்லர்கள் தொடுத்த வழக்கும் 2018 இல் தள்ளுபடியாயிற்று. தருமம் கொடுப்பவனின் கை எப்போது மூடும் என்பதைக் கொடுப்பவனே தீர்மானிப்பான் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

“பெரும் பணம் சம்பாதித்தவர்களுக்காக நீர் ஏன் கண்ணீர் வடிக்கிறீர்?” எனச் சிலர் வினவக்கூடும். சம்பாதித்தவர் சிலர் உளர். அவர்களின் பெயர்களை எல்லோரும் அறிவர். ஆனால் அவர்களைத் தூக்கிவிட, தாம் விழுந்து கொடுத்தவர்கள் பலர். ஒரு வீரனை ஆக்குவதற்கு இரவுதோறும் ஒருவன் தோற்கவேண்டும். தோற்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு ஓய்வூதியமும் இல்லை. பெரும் பணம் பெற்ற ஒருவரைக் காட்டிப் பெறாத நூற்றுவரை மறைப்பது, முதலாளித்துவத்தின் மிகப் பழைய பிடி. மல்யுத்த அகராதியிலே அதற்குப் பெயரில்லை. பொருளாதார அகராதியிலே உண்டு.

இறுதியாக, அந்த அரங்கு நின்ற மண்ணை நோக்குவோம். பொன்ரியாக் மோட்டார்க் கைத்தொழிலின் நகர். அங்கிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் பிளின்ற் நகர் இருக்கின்றது. 1936 டிசெம்பரில் பிளின்றின் தொழிலாளர்கள் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்துகொண்டு வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். நாற்பத்து நான்கு நாட்கள் கடுங்குளிரில் நின்று, 1937 பெப்ரவரி 11 இல் தம் சங்கத்தை அங்கீகரிக்கச் செய்தனர். உலகத் தொழிலாளர் வரலாற்றில் பொன்னெழுத்துப் பெற்ற வெற்றி அது. அதன் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு ஏழு வாரங்களுக்குள், அதே வட்டாரத்திலே, சங்கமற்ற தொழிலாளரின் மாபெருங் காட்சி நடந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 1986 நவம்பரில், ஜெனரல் மோட்டோர்ஸ் பதினொரு ஆலைகளை மூடப்போவதாக அறிவித்திருந்தது. அரங்கிலிருந்தோரில் எத்தனை பேர் அந்த அறிவிப்பைச் சட்டைப் பையிற் சுமந்துகொண்டு வந்து, ஹோகனின் வெற்றியைத் தம் வெற்றியாக எண்ணிக் கைதட்டினரோ! தம் பாட்டன்மார் ஆலைக்குள் அமர்ந்து வென்றதை, அவர்கள் அரங்குக்குள் அமர்ந்து பார்வையாளராக மறந்தனர்.

அவ்வரங்கு இன்று இல்லை. காற்றழுத்தத்தால் தாங்கப்பட்ட துணிக்கூரையுடன் 1975 இல், ஐந்து கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில் எழுந்த அது, 2009 இல் ஆறு இலட்சம் டொலருக்கும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. 2017 டிசெம்பர் 3 ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்க முயன்றனர். வெடி வெடித்தது, கட்டடம் விழவில்லை. எழுதிய கதைப்படி வீழ மறுத்தது அம்மேடையின் வரலாற்றில் அதுவொன்றே போலும்! மறுநாள் மீண்டும் வெடிவைத்து வீழ்த்தினர். பின்னர் அவ்விடத்திலே அமசோன் நிறுவனம் தன் பொருட்கிடங்கை அமைத்தது. தொழிற்சங்கம் தன் வாசலுக்குள் நுழையாதிருக்கக் கோடிக்கணக்கிற் செலவிட்ட நிறுவனம் அது. மண்ணின் சொந்தக்காரன் மாறினான். வேலைக்காரனின் நிலை மாறவில்லை.

பழைய காட்சிகளைப் பாராதீர் என நாம் கூறவில்லை. பாருங்கள். சவேஜும் ஸ்டீம்போட்டும் ஆக்கிய கலையைக் கண்டு மகிழுங்கள். ஆனால் அன்ட்ரே நிலத்தில் வீழும் அக்கணத்தில், ஆரவாரத்தைச் சற்றே தணித்து, வீழ்ந்தவர் யார் என்று கேளுங்கள். நோயுற்ற ஒரு தொழிலாளி வீழ்ந்தார். அவருடன், அமைய வேண்டியிருந்த ஒரு சங்கமும் முன்னரே வீழ்ந்து கிடந்தது. எழுதிவைத்த கதைப்படி ஒருவரையொருவர் வீழ்த்திக்கொள்ளும் மேடைகள் மல்யுத்த அரங்கில் மட்டுமா இருக்கின்றன? ஆலைகளில் உண்டு, அலுவலகங்களில் உண்டு. நாடுகளுக்கிடையிலும் இனங்களுக்கிடையிலும் உண்டு. கதையை எழுதியவன் எங்கும் மேடையில் இல்லை. அவன் வாசலில் நின்று சீட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கின்றான். டக்கனும் ஷேக்கும் ஒரே காரிற் சென்றதைப் போல, மேடைக்கு வெளியே மல்லர்கள் ஒன்றாய்ப் பயணஞ் செய்வது இயல்பு. அப்பயணம் சங்கத்தின் வாசலிலே சென்று நிற்கும் நாளில்தான், மல்யுத்தத்துக்கு ஒரு பொற்காலம் பிறக்கும்.